எண்ணெய் போட்டு வைத்த ரைஃபிள் ஏன் துருப்பிடிக்கிறது?

மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறக்கும்போது துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் வார்த்தை, "எண்ணெய் தடவித்தானே வச்சேன்." அதில் பொய் இல்லை. தடவித்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் கேரளத்தின் இடுக்கி மலையில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்ட வீடுகளில் ஜூன் மாதம் பூட்டிய ரைஃபிளை நவம்பரில் எடுத்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பேரலின், அதாவது குழலின் உட்சுவரில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும். அதே ரக ரைஃபிள் மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஒரு பீரோவில் ஏனோதானோ என்று கிடந்தும் அவ்வளவு கெடுவதில்லை. எண்ணெய் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

எந்த எண்ணெய் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. குழலுக்குள் உப்பு மிச்சம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதைச் சுற்றியுள்ள காற்றில் ஈரம் எவ்வளவு என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் சரி செய்துவிட்டால் சாதாரண எண்ணெயே போதும். இரண்டையும் விட்டுவிட்டால் வெளிநாட்டு டப்பா வாங்கித் தடவினாலும் நவம்பரில் அதே கதைதான்.

ஊர் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். குமுளி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. மலைப்பாதையில் லோயர் கேம்ப் வந்து கம்பத்தில் இறங்கினால் 400 மீட்டர்தான். இடையில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் ஜூன் முதல் வாரம் தொடங்கும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிடும். கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவது காற்றும் சாரலும்தான். மேலே அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். ஆக, வருஷத்தில் பாதி நாள் மலைவீட்டுக்குள் காற்றே ஈரம். துணியில் பூஞ்சை, செருப்பில் பூஞ்சை, அரிசி மூட்டை அடியில் ஈரம். துப்பாக்கிக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஒரு அளவைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரும்பின் மேல் ஒரு சின்ன மின்கலம் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஓர் இடத்தில் இரும்பு கரையும், பக்கத்தில் துருவாகப் படியும். 1920, 30களில் பிரிட்டிஷ் வேதியியலர் வெர்னன் இதை அளந்து பார்த்தார். ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான இரும்பு மிக மெதுவாகத்தான் கெடுகிறது, அதைத் தாண்டினால் வேகம் திடீரென்று ஏறுகிறது என்று கண்டார். இன்றும் ஆயுதக் கிடங்குகளில் 50 சதவீதத்தை ஒட்டியே ஈரப்பதத்தை வைத்துக்கொள்ளப் பார்ப்பது இதனால்தான். மழைக்காலத்தில் மலைவீட்டின் உள்ளறை 80, 90 சதவீதத்தில் நிற்கும்.

வெர்னன் சொன்ன 60 சதவீதம் சுத்தமான இரும்புக்கு. மேலே உப்பு இருந்தால் கணக்கு மாறிவிடும். உப்பு காற்றிலிருந்து தானாகவே ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பு 75 சதவீதத்தில் நீராகக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கசிவதற்கு முன்பே ஈரத்தைப் பிடித்துவைக்கத் தொடங்கிவிடும், குளோரைடு சேர்ந்த ஈரம் வெறும் ஈரத்தைவிடப் பல மடங்கு வேகமாக இரும்பைத் தின்னும்.

குழலுக்குள் உப்பு எங்கிருந்து வரும்? பழைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் தீப்பொறி தந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதி மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டவுடன் அது பொட்டாசியம் குளோரைடாக மாறி, பேரலின் உட்சுவரிலும், குண்டைச் சுழலவைக்க அதில் வெட்டிய சுருள் பள்ளங்களிலும் படிந்துவிடும். பொட்டாசியம் குளோரைடு என்றால் ஏதோ புதிதாகத் தெரியலாம். ஏலத்துக்கும் மிளகுக்கும் போடுகிற பொட்டாஷ் உரம் இருக்கிறதே, அதே சரக்குதான். பொட்டாஷ் மூட்டையைப் பிரித்து மழைக்காலத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியும். அதைக் குழலுக்குள் தூவி எண்ணெய் தடவிப் பூட்டினால் என்ன ஆகும்?

இதை உலகம் புரிந்துகொள்ளவே கொஞ்ச காலம் பிடித்தது. முதல் உலகப் போர்க்காலம் வரை, வெடிமருந்தின் அமிலம்தான் குழலைக் கெடுக்கிறது என்று நம்பி, அமிலத்தை முறிக்கும் எண்ணெய்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 1922இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப் வெளியிட்ட அறிக்கைதான் பிரைமர் உப்பே குற்றவாளி என்று காட்டியது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெயின் அடியில் உப்பு பத்திரமாக உட்கார்ந்திருக்கும், காற்றின் ஈரம் எண்ணெய்ப் படலத்தின் ஊடாக மெல்லப் போய் அதைச் சேரும். மேலே பார்த்தால் பளபளப்பு, அடியில் அரிப்பு.

பிரிட்டிஷ் படைவீரர்கள் .303 ரைஃபிளின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியதன் காரணம் இதுதான். கொதிநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும், குழலைச் சூடாக்கித் தானே ஆவியாகவும் போய்விடும். அப்புறம் புல்த்ரூ (துணி கட்டிக் குழலுக்குள் இழுக்கும் கயிறு), அப்புறம் எண்ணெய். இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று இன்றைக்கும் சிலர் பதறுகிறார்கள். சுட்ட தோட்டாவில் எந்த பிரைமர் என்று உறுதியாகத் தெரிந்தால், அது அரிக்காத ரகமாக இருந்தால், தண்ணீர் தேவையில்லை. 1920களின் பிற்பகுதியிலிருந்தே அரிக்காத பிரைமர்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்த தோட்டா, கைமாறி வந்த பழைய ராணுவத் தோட்டா என்றால் உப்பு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. கருமருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய கேப் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே வேண்டாம். அந்தக் கரிக்கசடில் பொட்டாசியம் கார்பனேட்டும் கந்தகச் சேர்மங்களும் நிறைய. அதற்குச் சுடுதண்ணீர் கட்டாயம், அதுவும் சுட்ட அன்றைக்கே.

குழலுக்குள் இருக்கும் உப்பைக் கழுவிவிட்டு, வெளியே உப்புக்கு நடுவில் துப்பாக்கியை வைப்பவர்களும் உண்டு. தோட்டத்தில் பூட்டு உள்ள அறை என்றால் பெரும்பாலும் உர அறைதான். அங்கே பொட்டாஷ் தூசி இருக்கும். பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம் (செம்பு சல்பேட்) இருக்கும். நீலத் துத்தத் தூள் ஈர இரும்பின் மேல் பட்டால், இரும்பு கரைந்து அந்த இடத்தில் செம்பு படியும். அதன் விளிம்பிலிருந்து அரிப்பு பரவும். பிளீச்சிங் பவுடர் டின் திறந்திருந்தால் அதன் ஆவி போதும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைக்கலாமே, அங்கே சூடாக இருக்குமே என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். பச்சை ஏலக்காயின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அவ்வளவும் ஆவியாக வெளியேறுவது அந்தக் கட்டடத்துக்குள்தான். அடுப்பு அணைந்து சுவர் குளிர்ந்த பிறகு அந்த ஆவி எங்கே போய் உட்காரும் என்று யோசித்தால் போதும்.

வேர்வையும் உப்புதான். பேரலின் வெளிப்புறத்தில் விரல் பட்ட இடத்தில் சில நாளில் ரேகை வடிவத்திலேயே துரு எழும். கடைசியாகத் துடைத்து வைக்கும்போது பருத்திக் கையுறை போட்டுக்கொள்வது அலட்டல் இல்லை.

சரி, உப்பு போயிற்று. இனி காற்று. இதில் இந்த எல்லைப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலையில் 18 டிகிரியில் கிடந்த ரைஃபிளை ஜீப்பில் வைத்துக் கம்பம் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே 32 டிகிரி வெயில், ஈரப்பதம் 60 சதவீதம். அந்தக் காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீரை உதிர்த்துவிடும். ரைஃபிளோ 18 டிகிரியில் இருக்கிறது. கவரைத் திறந்த ஐந்து நிமிஷத்தில் பேரல் வியர்க்கும், வெளியே மட்டுமல்ல உள்ளேயும். வெளியே தெரிவதைத் துடைப்பார்கள், உள்ளே யார் பார்த்தார்கள்? அப்படியே பீரோவில் வைத்துவிட்டால், வறண்ட ஊரில் இருந்தும் துரு. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வரும் துப்பாக்கியைக் கவரைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். உலோகம் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, உள்ளே ஒரு காய்ந்த துணி ஓட்டிவிட்டு வைத்தால் போதும். அதிகாலை மூடுபனியில் வெளியே எடுத்துப்போய் வந்ததற்கும் இதே முறைதான்.

இதைப் படித்துவிட்டு, மழைக்காலத்துக்குத் துப்பாக்கியைக் கம்பத்து வீட்டிலேயே வைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அதற்குக் குறுக்கே லைசென்ஸ் நிற்கிறது. எந்தப் பகுதிவரை செல்லும் என்று லைசென்சிலேயே எழுதியிருக்கும். கேரளத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸை வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டி ரைஃபிளை இறக்கினால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். அதனால் பெரும்பாலோருக்கு மலையில்தான், அந்த ஈரத்துக்குள்தான் காப்பாற்றியாக வேண்டும்.

காப்பாற்ற இரண்டு வழி இருக்கிறது: ஒன்று, பெட்டிக்குள் லேசான சூடு, இன்னொன்று, ஈரம் உறிஞ்சும் மருந்து. எது எந்தப் பெட்டிக்கு என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

சாதாரண இரும்பு பீரோவின் கொள்ளளவு முக்கால் கன மீட்டர் வரும். 20 டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்தில் அதற்குள் இருக்கும் காற்றில் உள்ள மொத்தத் தண்ணீர் 12 கிராம்தான். இவ்வளவுதானா, 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டால் 20, 30 கிராம் உறிஞ்சிவிடுமே என்று தோன்றும். ஆனால் பீரோக் கதவு காற்றுப் புகாத கதவு இல்லை. ராத்திரியும் பகலும் சூடு மாறும்போது உள்காற்று வெளியேறி வெளிக்காற்று உள்ளே வரும். போதாததற்கு ரைஃபிளின் கட்டையே ஈரத்தை வைத்திருக்கும். ஒரு கிலோ வால்நட் கட்டையில் 100 கிராமுக்கு மேல் தண்ணீர் இருப்பது சாதாரணம். பக்கத்துத் தட்டில் கம்பளி, பட்டுப்புடவை என்று இருந்தால் அதுவும் சேரும். ஜெல் பொட்டலம் சில நாளில் நிறைந்துவிடும், அதற்குப் பிறகு அது சும்மா ஒரு பொட்டலம்.

இப்படிக் கசியும் பெட்டிக்கு ஏற்றது சூடு. அதே 20 டிகிரி, 90 சதவீதக் காற்றை 25 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியேற்றாமல் ஈரப்பதம் 66 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 60க்குக் கீழே போகவில்லைதான். ஆனாலும் 90க்கும் 66க்கும் உள்ள தூரம் பெரிது, மீதியை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். உலோகம் சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் வியர்வைப் பேச்சே இல்லை. பீரோவில் துணி பூக்காமல் இருக்க ஜீரோ வாட் பல்ப் போட்டுவைக்கும் பழக்கம் இதே தத்துவம்தான். ஒரு விஷயம், பழைய இழை பல்ப்தான் சூடு தரும். இப்போது கடையில் கிடைக்கும் எல்.இ.டி. ஜீரோ வாட் பல்ப் வெளிச்சம் மட்டும் தரும், பெட்டிக்கு அதனால் பயன் இல்லை. பல்ப் பெட்டியின் அடியில், துணியிலிருந்து தள்ளி, தட்டினால் உடையாதபடி இருக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் சின்ன ஹீட்டர் கம்பிகள் இன்னும் பாதுகாப்பு. அந்தப் பெட்டியில் தோட்டா இருக்கவே கூடாது. தோட்டா தனிப் பெட்டி, தனிப் பூட்டு. மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில் இந்த முறைக்கு ஒரு ஓட்டை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மழை வலுக்கும் நாளில்தான் கரண்டும் போகும்.

சிலிக்கா ஜெல் தன் திறமையைக் காட்டுவது காற்றுப் புகாத பெட்டியில். ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் கேஸ், அல்லது தடித்த பாலிதீன் உறை. இங்கே ஏலக்காய் வியாபாரிகளிடம் பாடம் கேட்கலாம். காய் 10 சதவீத ஈரத்துக்கு உலர்ந்த பிறகுதான் கறுப்புப் பாலிதீன் போட்ட சாக்கில் கட்டுவார்கள். அரைகுறையாக உலர்ந்த காயைக் கட்டினால் உள்ளேயே பூத்துப்போகும், பாலிதீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. துப்பாக்கியை உறையில் அடைப்பதும் அப்படித்தான். ஜூலை மதியம் 25 டிகிரியில், 90 சதவீத ஈரக் காற்றோடு சேர்த்து அடைத்துச் சீல் வைத்தால், ராத்திரி 18 டிகிரிக்குக் குளிரும்போது உறைக்குள்ளேயே பனி இறங்கும். வெளியிலிருந்து ஈரம் வராமல் தடுத்த அதே பாலிதீன், உள்ளே இருப்பதை வெளியே விடாமலும் தடுக்கும். அடைப்பதற்கு ஏற்ற நாள் ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட பகல். மழைக்காலத்தில்தான் அடைத்தாக வேண்டும் என்றால், ரைஃபிளையும் கட்டையையும் சூடான காய்ந்த அறையில் சில நாள் வைத்திருந்து, புதிதாக வறுத்த ஜெல்லைத் தாராளமாகப் போட்டு அடைக்க வேண்டும்.

நிறம் மாறும் ஜெல் வாங்கினால் நல்லது. ஈரம் ஏறினால் நீலம் இளஞ்சிவப்பாகும். நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு நச்சு என்பதால் ஆரஞ்சு நிற ஜெல் விரும்பத்தக்கது. 110, 120 டிகிரி சூட்டில் வறுத்தால் பழையபடி வேலை செய்யும். சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். அலமாரிக்கு என்று விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை மட்டும் துப்பாக்கி அருகில் வைக்கவே கூடாது. அது நன்றாகத்தான் உறிஞ்சும், உறிஞ்சியதை உப்புத் தண்ணீராக அடியில் சேர்க்கும். டப்பா ஒருமுறை சாய்ந்தால் அந்த ரைஃபிளின் கதை முடிந்தது.

எந்த வழியில் போனாலும் ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. சில நூறு ரூபாய்தான். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் கல் உப்பைச் சொட்டுத் தண்ணீரில் சேறுபோல் நனைத்து, மானியோடு சேர்த்து ஒரு பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விட வேண்டும். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மானி எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

உறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் உறை பார்க்க மிடுக்காக இருக்கும். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். எடுத்துப்போகத் தோல் உறை, வைப்பதற்கு வேண்டாம். உள்ளே பஞ்சு போன்ற ஃபோம் வைத்த கேஸும் அப்படியே. ஃபோம் ஒருமுறை நனைந்தால் காய வாரங்கள் ஆகும், பேரலை அணைத்துக்கொண்டே இருக்கும். மரப்பெட்டிக்குள் வைத்தால் சில மரங்கள் அசிட்டிக் அமில ஆவியை விடும். நிமிர்ந்து, எதன் மீதும் சாயாமல், குழலைச் சுற்றிக் காற்று போகும்படி நிற்பதுதான் ரைஃபிளுக்குச் சௌகரியம். குழலின் வாய் கீழ்நோக்கி இருந்தால் இன்னும் நல்லது. எண்ணெய் வடிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை இளக்காமல் இருக்கும்.

இப்போது எண்ணெய்க்கு வரலாம். மலையாளக் கரையோரம் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் முதலில் கை போவது. வெட்டுக்கத்திக்கு அது போதும், வாரத்துக்கு ஒருமுறை தீட்டித் தடவுகிறோம். ரைஃபிள் குழலுக்கு ஆகாது. மாதக்கணக்கில் கிடந்தால் சிக்கடித்து அமிலமாகும், 24 டிகிரிக்குக் கீழே உறைந்து படலம் சீராக நிற்காது. நல்லெண்ணெய் பிசினாக இறுகிவிடும். மண்ணெண்ணெய் கழுவ மட்டும். கழுவிவிட்டு அப்படியே விட்டால் எண்ணெய்ப் பசையே இல்லாத வெற்று இரும்பு மிஞ்சும், அதுதான் சீக்கிரம் துருப்பிடிக்கும். என்ஜின் ஆயிலில் பழையது வேண்டவே வேண்டாம், எரிந்த அமிலமும் நீரும் அதில் இருக்கும்.

டபிள்யூடி-40 பற்றி ஒரு தனி வார்த்தை, ஏனென்றால் இப்போது எல்லார் வீட்டிலும் அந்த நீல டப்பா இருக்கிறது. 1953இல் ஏவுகணையின் வெளித்தகட்டிலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. ஈரத்தை விரட்டுவதில் அது கெட்டிக்காரன். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப்போகும் கரைப்பான். மிஞ்சும் படலம் மெல்லியது. நனைந்து வந்த துப்பாக்கிக்கு அன்றைக்கு அடிக்கலாம். ஐந்து மாதப் பூட்டுக்கு அதை நம்பக் கூடாது.

நீண்ட நாளுக்குத் தேவை, வடிந்துபோகாமல் ஒட்டி நிற்கும் தடித்த படலம். பிரிட்டிஷ் இந்தியாவில் பர்மா எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த ரங்கூன் எண்ணெயைத் துப்பாக்கிகளுக்குப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் காஸ்மோலின் என்ற பழுப்பு மெழுகுக் களிம்பில் ரைஃபிள்களை முழுக்கி அனுப்பினார்கள். அப்படி வைத்தவை பல பத்தாண்டுகள் கழித்துப் பிரித்தும் துருவின்றி வந்தன. நமக்கு எளிதில் கிடைப்பது, இயந்திர உதிரிபாகங்களை ஏற்றுமதி செய்கிறவர்கள் பூசும் துருத்தடுப்பு எண்ணெய். ரஸ்டிலோ போன்ற பெயர்களில் தொழிற்சாலைப் பொருள் விற்கும் கடைகளில் இருக்கும். துப்பாக்கிக்கென்று எழுதாததால் யாரும் கண்டுகொள்வதில்லை; வேலை ஒன்றுதான். அதே ஆட்கள் பயன்படுத்தும் வி.சி.ஐ. (ஆவியாகப் பரவும் துருத்தடுப்பான்) தாளும் உறையும் நல்ல துணை. அதிலிருந்து மெல்ல வெளியேறும் ஆவி, எண்ணெய் எட்டாத மூலையிலும் போய் இரும்பின் மேல் படலமாக அமர்ந்து துருவைத் தடுக்கும். 1940களில் ஷெல் நிறுவனத்தில் உருவான யோசனை. ஆவி தங்க வேண்டும் என்பதால் மூடிய உறைக்குள்தான் அது உதவும், திறந்த பீரோவில் வீண்.

பேரலின் வெளிப்புற நீலக்கறுப்பை நம்பி இருப்பவர்களுக்கு: அது இரும்பின் மேலேயே உருவாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம்தான். எண்ணெயைப் பிடித்துவைக்கும், தானாகத் துருவைத் தடுக்காது. ஸ்டெயின்லெஸ் பேரலும் துருப்பிடிக்கும், மெதுவாக. இன்சாஸ், ஏ.கே. போன்ற படைத்துறை ரைஃபிள்களின் குழலுக்குள் குரோமியம் பூசியிருப்பார்கள். வேட்டை, விளையாட்டு ரைஃபிள்களில் பெரும்பாலும் அது கிடையாது.

செய்முறையை என்.சி.சி.யில் இருந்தவர்கள் அறிவார்கள். புல்த்ரூவின் கண்ணியில் சிந்தியை (துடைக்கும் துணித் துண்டை) கோத்து, தோட்டா அமரும் சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கம் ஒரே இழுப்பாக இழுப்பது. கழுவ நாலுக்கு இரண்டு அங்குலத் துண்டு, எண்ணெய் போட நாலுக்கு ஒன்றரை. இந்த அரை அங்குல வித்தியாசம் சும்மா இல்லை. துடைக்கும் துணி இறுக்கமாகப் போய்ப் பள்ளத்தை வழிக்க வேண்டும், எண்ணெய்த் துணி கொஞ்சம் தளர்வாகப் போனால்தான் படலத்தை விட்டுவிட்டு வரும். வெண்கலக் கம்பி பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு ஓட்டி, கசடு ஊற விட்டு, சிந்தி வெள்ளையாக வரும்வரை துடைத்து, பிறகு எண்ணெய். குண்டு உரசிப் படியும் செம்புப் பூச்சைக் கரைக்கும் அம்மோனியா திரவம் போட்டிருந்தால் அதை மிச்சமின்றித் துடைத்தெடுக்க வேண்டும். மறக்கப்படும் இடம் சேம்பர். அங்கே குழி விழுந்தால் சுட்ட தோட்டாவின் பித்தளை அந்தக் குழிக்குள் உப்பிக்கொண்டு வெளியே வர மறுக்கும்.

எண்ணெய் போட்டதும் குழல் வாயில் துணி அடைப்பார்கள். குளவி பயத்தில் செய்வது, பயமும் நியாயமானதே. மலைவீட்டில் திறந்த குழாய் எது கிடைத்தாலும் குளவி மண் கூடு கட்டும். ஆனால் துணி அடைப்பு ஈரத்தைப் பிடித்து, துருவை வாயிலிருந்தே தொடங்கிவைக்கும். அதைவிட மோசம், அவசரத்தில் அடைப்பை மறந்து சுடுவது. குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். வாய்க்கு மேல் ஒரு மெல்லிய பாலிதீனை வெளியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்டு, டிரிகர் வளையத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டிவைத்தால் குளவியும் வராது, மறதியும் வராது. தடித்த எண்ணெயும் ஒரு அடைப்புதான். சுடுவதற்கு முன் குழலையும் சேம்பரையும் காயத் துடைக்காவிட்டால் அழுத்தம் எகிறும்.

வீட்டில் இருக்கும் துப்பாக்கியாவது கண் முன்னால் இருக்கிறது. நம் கைவிட்டுப் போகும் காலங்கள்தான் ஆபத்து. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16, முடிவு ஜூன் 4. தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி அந்தக் கோடை முழுக்க யாரும் தொடாமல் கிடந்து, வீடு திரும்பும் வேளையில் மழை இறங்கிவிட்டது. அந்த ஆண்டு கேரளத்தில் பருவமழை தொடங்கியது மே 30இல். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்றானதில் மூன்றாவதை ஒப்படைத்தவர்கள் உண்டு. லைசென்ஸ்தாரர் இறந்துபோய், வாரிசு பெயருக்கு லைசென்ஸ் வரும்வரை வருஷக்கணக்கில் கிடப்பவையும் உண்டு. ஸ்டேஷன் அறையில் நூறு வேலைக்கு நடுவே யாரும் சிந்தி போட்டு இழுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சட்டம் லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடம் ஒப்படைக்கவும் இடம் தருகிறது. வாடகை உண்டு, ஆனால் நடுவில் போய்ப் பார்க்க, எண்ணெய் மாற்றச் சொல்ல அங்கே ஆள் இருப்பார். எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முந்தின நாள் உப்பைக் கழுவி, தடித்த எண்ணெய் போட்டு, வி.சி.ஐ. உறையில் போட்டுக் கொடுப்பதுதான் நம் கையில் இருப்பது. தோல் உறையோடு கொடுத்துவிட்டு வருவது அதைத் துருவிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஒரே ஒரு வெள்ளைச் சிந்தி ஓட்டிப் பார்த்தால் போதும். கறுப்பாக வந்தால் பழைய கசடு. பச்சை, நீலச் சாயல் என்றால் செம்பு. மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் துரு தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் எண்ணெய் தொட்ட வெண்கல பிரஷ் பத்துப் பதினைந்து தடவை போய்வந்தால் மேலாகப் படிந்தது வந்துவிடும், தடம்கூட இருக்காது. மணல்தாள், உப்புத்தாள் எதையும் உள்ளே விடக் கூடாது. வழவழப்பான குழலை உடைய பன்னிரண்டு போர் துப்பாக்கியைத் தேய்த்து மெருகேற்றலாம், ரைஃபிளின் பள்ளங்களைத் தேய்த்தால் அளவே மாறிவிடும். போனில் மாட்டும் 5.5 மில்லிமீட்டர் குழாய்க் கேமராக்கள் இப்போது மலிவு. .315 அங்குலக் குழலுக்குள் தாராளமாகப் போகும், .22 அங்குலக் குழலுக்குள் போகாது, அதற்கு இன்னும் மெல்லியது வாங்க வேண்டும். கேமராவில் கறுப்புப் புள்ளிகளாகக் குழி தெரிந்தால் அது துடைத்துப் போகிற துரு அல்ல, உலோகம் போன இடம். அந்தக் குழி குழலின் நடுவில் இருந்தால் துல்லியம் கொஞ்சம் குறையும், கசடு அதிகம் சேரும், அவ்வளவுதான். சேம்பரிலோ வாய் விளிம்பிலோ இருந்தால், சுடாமல் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.